அடுக்குக் கிழங்கும் அண்ணியின் நாக்கும்

முதல் நாள் அந்தச் சட்டியின் மூடியைத் திறந்தபோது பால் திரிந்துபோயிருந்தது. மஞ்சள் நீர் ஒரு பக்கம், வெள்ளைக் கட்டிகள் ஒரு பக்கம். நடுவே, ஒரே தடிமனில் நான் அளந்து அரிந்த உருளைக்கிழங்கு வில்லைகள் மிதந்துகொண்டிருந்தன. காவலூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், பதினான்கு படிகள் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பால் அன்று காலையில் கறந்தது. வெண்ணெய் புதியது. எந்தப் படியையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் சரி போட்டிருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்த அண்ணி, குனிந்து சட்டியை முகர்ந்தார்.

“பாப்பா, இது இன்னா சட்டின்னு தெரியுமா?”

“மண்சட்டி.”

“புளிக்கொழம்பு சட்டி. நா இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து புளி குடிச்சிட்டு கெடக்குது. இதுல பாலை ஊத்துனா சும்மா வுடுமா?”

அகலமான, அடிகனமான பாத்திரம் என்று என் தாளில் இருந்தது. வீட்டில் அந்த வர்ணனைக்குப் பொருந்தியது அது ஒன்றுதான். புளியமரம் உள்ள மலைவீடுகளில் இருப்பதிலேயே நல்ல சட்டி புளிக்குழம்புக்குத்தான் போகும் என்பதும், எத்தனை முறை கழுவினாலும் மண் புளியை விடாது என்பதும் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்றுவரை அந்தச் சட்டியில் நான் சமைத்ததே இல்லை.

இது சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நடந்தது. அப்பாவுக்கு வாயில் புற்று. கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். நோயைவிட, சிகிச்சை முடிந்த பிறகு வந்த புண்தான் அவரை அதிகம் வாட்டியது. நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை, எல்லாமே வெந்துபோயிருந்தன. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவர் நாற்பத்தாறுக்கு வந்துவிட்டார். திருப்பத்தூர் மருத்துவர் பதினைந்து நாள் தவணை கொடுத்தார். அதற்குள் எடை நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு செலுத்த வேண்டும் என்றார். பெரியப்பா தம் கடைசி மூன்று மாதங்களை அப்படி ஒரு குழாயோடுதான் கழித்தார். அப்பா பக்கத்திலேயே இருந்து பார்த்தவர். அன்று திரும்பும் வழியில் என் குறிப்பேட்டை வாங்கி ஒரே வரி எழுதினார்: ‘குழாய் மட்டும் வேண்டாம்.’

ஆனால் கஞ்சியும் இறங்கவில்லை. பெங்களூரில் என் நிறுவனத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கி வந்திருந்த நான், அவருக்கு ஆகும் உணவுகளை அட்டவணையாக எழுதி நீட்டினேன். அரிசிக் கஞ்சி, சாமைக் கஞ்சி, இளநீர் வழுக்கை, மசித்த பருப்பு. ஒவ்வொன்றையும் விரலால் தள்ளினார். “அப்ப இன்னாதான் மாமா வேணும்? வாயத் தொறந்து சொல்ல முடியலன்னா படமாவது போட்டுக் காட்டுங்க” என்றார் அண்ணி. அப்பா சிரிக்க முயன்று, வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல, “அந்த அடுக்குக் கெழங்கு” என்றார்.

அப்பா ஜீப் ஓட்டியவர். மலைக்கு வரும் விருந்தினர்களை ஒரு விடுதிக்கு ஏற்றிச் செல்வார். அங்கே உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, அடுக்கடுக்காக வைத்து, பாலும் வெண்ணெயும் ஊற்றி வேகவைப்பார்கள். மீந்தால் ஓட்டுநருக்கும் ஒரு கிண்ணம் வரும். கல்யாணத்துக்கு முன் அண்ணி அதே விடுதியில்தான் வேலை செய்தார். ஆனால் அவர் அந்தப் பண்டத்தைச் சமைத்ததில்லை. “எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கெழங்கு தோலும் அந்த சமையக்காரர் முதுகுந்தான்” என்றார். ஆகவே செய்முறையை இணையத்தில் தேடி, நான்கைந்தை ஒப்பிட்டு, பதினான்கு படிகளாக நானே எழுதினேன்.

திரிந்த சட்டிக்குப் பிறகு, பால் காய்ச்சும் குண்டானை எடுத்தோம். மைதா இல்லை, அண்ணி சாமை மாவை வெண்ணெயில் வறுத்து, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரைத்தார். கட்டி விழாமல் கெட்டியாக வந்தது. நான் பெங்களூரிலிருந்து தூக்கி வந்த சின்ன ஓவன், மின்னழுத்தம் குறைந்து, சிவக்கவே மாட்டேன் என்றது. அண்ணி குண்டானை மெல்லிய தீயில் வைத்து, மூடிக்கு மேல் ஒரு இரும்புத் தட்டு, அதன்மேல் புளியங்கட்டைத் தணல் என்று வைத்தார். விடுதியில் கரண்டு போகும் நாள்களில் அந்தச் சமையற்காரர் செய்வது அப்படித்தானாம். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது மேற்புறம் பொன்னிறமாக முறுகி, கரண்டி வைத்தால் அடுக்கு குலையாமல் வந்தது. இருவரும் ருசி பார்த்தோம். நன்றாகவே இருந்தது.

அப்பா ஜெபம் செய்துவிட்டு ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண் நிறைந்துவிட்டது. “எரியுது” என்று கிண்ணத்தைத் தள்ளினார்.

“எரியறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லப்பா. மிளகு இல்ல, மிளகாய் இல்ல, பூண்டு இல்ல” என்று தாளைப் பார்த்து வரிசையாகப் படித்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலில் எடைத்தராசின் முள் இறங்குவது எனக்குத் தெரிந்தது. அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் சமையலறைக்குள் போனபோது அண்ணியின் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. உதடு வீங்கியிருந்தது.

“அழுறீங்களா அண்ணி? அண்ணன் ஏதாவது சொன்னாரா?”

“ஒங்க அண்ணன் இன்னா சொன்னாலும் நா எதுக்கு அழுவணும்? அவருதான் அழுவணும்.” மூச்சை உள்ளே இழுத்து, நாக்கை வெளியே நீட்டி விசிறிக்கொண்டார். “ரெண்டு ஊசி மொளகாய மென்னேன்.”

“எதுக்கு?”

“நேத்து நீயும் ருசி பாத்த, நானும் பாத்தேன். நம்முளுது நல்ல வாயி பாப்பா. நல்ல வாயிக்கு இன்னா தெரியும்?”

முந்தைய நாள் மீந்ததைச் சூடுபண்ணி வைத்திருந்தார். வெந்த நாக்கோடு ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார், தண்ணீர் கொப்பளித்துவிட்டு இன்னொரு வாய். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். உப்பு, நேற்றுச் சரியாக இருந்தது, இப்போது புண்ணில் தேய்த்த மாதிரி இருக்கிறது, பாதி போதும். நமக்கு வெதுவெதுப்பாக இருப்பது கொதிக்கிறது; விரல் வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆற வேண்டும். மேலே முறுகிய ஆடை முள்ளாகக் குத்துகிறது. அதை எடுத்துவிட வேண்டும். வில்லையின் ஓரம்கூட உறுத்துகிறது. இன்னும் மெல்லிசாக அரிந்து, கரையும்வரை வேகவிட வேண்டும்.

நான் அழுத்தமானிகளைச் சோதித்துத் திருத்தும் வேலையில் இருப்பவள். ஒரு கருவி எந்த நிலையில் இயங்கப்போகிறதோ அந்த நிலையில் வைத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். என் பதினான்கு படிகளில் கிழங்கின் தடிமன் இருந்தது, பாலின் அளவு இருந்தது, தீயின் நேரம் இருந்தது. அப்பாவின் வாய் எந்தப் படியிலும் இல்லை.

அன்று மதியம் அப்பா ஆறு கரண்டி சாப்பிட்டார். ஏழாவதை மறுத்தாலும் கிண்ணத்தைத் தள்ளவில்லை, பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நான்காம் நாள் ஒரு முழுக் கிண்ணம் உள்ளே போனது. செய்முறையில் எதை மாற்றினாலும், ஒரு முட்டையின் மஞ்சள் கரு சேர்த்தாலும், கிழங்கோடு கொஞ்சம் பூசணி அடுக்கினாலும், அண்ணி முதலில் மிளகாய் மென்றுவிட்டுத்தான் ருசி பார்ப்பார். ஒருநாள் நானும் முயன்றேன். அரை மிளகாய்க்கே பின்கட்டுக்கு ஓடி, மாட்டுக்கு வைத்திருந்த தண்ணீரில் வாயை முக்கினேன். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஒனக்கு லிஸ்ட்டு போதும் பாப்பா. இதெல்லாம் என்னாண்ட வுட்டுடு.”

“இன்னாம்மா ஒதடு வீங்கிக் கெடக்குது?” என்று அப்பா கேட்டார்.

“தேனீ கொட்டிடுச்சு மாமா.”

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் தேனீதான். “நம்ம மலைத் தேனீக்கு ஒன் ஒதட்ட வுட்டா வேற பூவே கெடைக்கலியா?” என்றார். அவர் இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அண்ணியைப் பற்றி நினைக்கும்போது, அவர் பட்ட எரிச்சலை நான் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. அவரே அதைப் பெரிதாக்கியதில்லை. எனக்கு வியப்பு வேறு ஓரிடத்தில். நாங்கள் எல்லாரும் அப்பாவிடம் எரியாது என்று சொன்னோம். நான் சொன்னேன், அண்ணன் சொன்னார், மருத்துவமனையில் கொடுத்த உணவுத்தாளும் அதையே சொன்னது. அவர் எரிகிறது என்றபோது பிடிவாதம் என்று நினைத்தோம். அண்ணி ஒருவர்தான் அந்தச் சொல்லை அப்படியே நம்பினார். நம்பியதோடு, அது உண்மையாக இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இன்று அப்பா எல்லாமே சாப்பிடுகிறார். காரம் மட்டும் கொஞ்சம் குறைவு. பெங்களூரில் நல்ல ஓவனில், சீஸ் தூவி, மேலே முறுக விட்டு நான் அடுக்குக் கிழங்கு செய்கிறேன். தோழிகள் செய்முறை கேட்டால் அனுப்பவும் செய்கிறேன். அண்ணிக்கு அது பிடிக்கவே பிடிக்காது என்பது பின்னால்தான் தெரிந்தது. “பாலுல கெழங்கப் போட்டு... அது ஒரு சாப்பாடா?” என்றார் தொலைபேசியில். பிடிக்காத ஒன்றை, வெந்த வாயோடு, அத்தனை நாள் ருசி பார்த்திருக்கிறார்.

மருத்துவர் கொடுத்த தவணையின் பதினைந்தாம் நாள் அப்பா, அண்ணி, நான் மூவரும் திருப்பத்தூருக்குப் போனோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு எடை இயந்திரத்தில் ஏறினார். நாற்பத்தாறு புள்ளி எட்டு. மருத்துவர் குறித்துக்கொண்டு, குழாய் தேவைப்படாது, இப்படியே தொடருங்கள் என்றார். அண்ணி வெளியே வந்து மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பேருந்து நிலையத்தில் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு அப்பா மெல்ல நடந்து ஒரு கடைக்குப் போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் ஒவ்வொரு பால் ஐஸ். ஒன்றை அண்ணியிடம் நீட்டினார். இன்னொன்றைத் தாமே நாக்கின் நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு இல்லையாப்பா?” என்றேன்.

“ஒனக்கு எதுக்கு?” என்றார் அப்பா. “ஒன் வாயி நல்லாத்தானே இருக்குது.”

அண்ணி ஐஸைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தார். “உருகுதும்மா, சாப்புடு” என்றார் அப்பா.