பறவைக்கு முதுகு காட்டி நின்றவர்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் நடந்தது இது. திருநெல்வேலியிலிருந்து வேன் பிடித்துப் பறவை பார்க்கக் கிளம்பிய கூட்டத்தில் நானும் என் கணவரும் இருந்தோம்.

அவர் இந்தக் கூட்டத்தின் பழைய ஆள். பக்கவாதம் வந்தபின் இதுதான் முதல் பயணம். வலது கையில் பிடிமானம் இல்லை, பேச்சு குழறும். அந்த வெட்கத்தில் வீட்டுக்கு வெளியே வாயைத் திறப்பதே இல்லை. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றுமுகம் வந்ததும், தான் இறங்கவில்லை, நீ போ என்று கையைக் காட்டினார். இன்று இறங்காவிட்டால் இனி எங்கேயுமே வரமாட்டார் என்று வேன் வாசலிலேயே நின்று புலம்பினேன்.

மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் அன்றுதான் புதிதாக வந்திருந்தார். நான் புலம்பியதைக் கேட்டு வேனுக்குள் தலையை நீட்டினார்.

"இறங்குங்க அண்ணாச்சி. ஒங்க கைக்குப் பதிலா எங்கிட்ட ரெண்டு சும்மாதான கிடக்கு!"

எப்படியோ இறங்கிவிட்டார்.

சேற்றுமேட்டுக்கு அப்பால் ஒரு விராலடிப்பான் வட்டமிட்டது. தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும் பருந்து அது. குளிர்காலத்தில்தான் நம் பக்கம் வரும். எல்லோரும் பைனாகுலரைத் தூக்கினார்கள். பாய் மட்டும் என் கணவருக்கு எதிரே வந்து நின்று, தன் பைனாகுலரை அவர் கண்ணில் வைத்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். முகம் இவரைப் பார்த்து, முதுகு பறவைக்கு.

"எங்கன போகுது அண்ணாச்சி? மேலயா, கீழயா?"

வழக்கம்போல நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"மைனி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அண்ணாச்சி, நீங்க சொன்னாத்தான நான் திருப்ப முடியும்? எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?"

கூட்டத்தில் சிரிப்பு. இவர் உதடு மட்டும் துடித்தது. கடற்காற்று மணலை வாரி அடித்தும் பாய் கையை எடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"மே... மேல" என்றார் இவர். "இன்னும் மேல. ஒரே எடத்துல நி... நிக்கு."

"நிக்குதா? பெறவு?"

"விழுது... விழுது... பிடிச்சிட்டு!"

குழறல்தான். ஆனாலும் கூட்டம் முழுக்கக் கேட்டது.

"மீனு பெருசா?"

"பெருசு. வா... வாலு துடிக்கி."

அப்புறம் பாய்க்குத்தான் திண்டாட்டம். இடது பக்கம் திருப்பு, பைய, பைய என்று இவர் அவரை ஆட்டிவைத்துவிட்டார்.

திரும்பும்போது, "அவ்வளவு தூரம் வந்தும் நீங்க பாக்கலையே பாய்" என்றேன்.

"யாரு சொன்னா? அண்ணாச்சி மொகத்துல முழுசாப் பாத்துட்டம்லா!"

இன்னும் இவருக்குப் பேச்சு குழறத்தான் செய்கிறது. ஆனால் மருந்துக்கடையில், பேருந்தில், கல்யாண வீட்டில் இவரே பேசுகிறார். பக்கத்தில் நிற்கும் எனக்கு நாக்கு அரிக்கும்போதெல்லாம், ஒருவர் சொல்லி முடிக்கும்வரை கை கடுக்கக் காத்து நிற்பதும் அன்புதான் என்று அந்த முதுகு வந்து சொல்லிவிட்டுப் போகிறது.