இளசும் முத்தலும்

கலியம்மாளை வில்லியனூர் மணவாள ரெட்டியார் வீட்டில் கட்டிப்போட்டது கயிறு இல்லை, அவள் நாக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரி ஏலங்களில் பழைய பீங்கான் கோப்பைகளை வாங்கிக் குவிப்பது ரெட்டியாரின் பைத்தியம். எது இங்கிலீஷ்காரன் ஆதியில் சுட்ட, விலை கூடிய மென்பீங்கான், எது பின்னால் வந்த கெட்டிப் பீங்கான் என்று பிரெஞ்சு துரைமாருக்கே தெரியாது. பனித்திட்டு கிராமத்திலிருந்து பாத்திரம் கழுவ வந்த கலியம்மாளுக்குத் தெரிந்தது. நகத்தால் தட்டுவாள், காதில் வைப்பாள், கொல்லைப்பக்கம் கொண்டுபோவாள். திரும்பி வந்து, "இது இளசு, அது முத்தல்" என்பாள், என்னவோ தேங்காய் விற்கிறவள் மாதிரி. ஒருதரம்கூடத் தப்பவில்லை. கோப்பையைச் சுட்டவன் பாட்டன் பெயரையும் சொல்வாளாம் என்று மதகடிப்பட்டு வரை பேச்சு.

அந்தப் பேரே விலங்காயிற்று. மகள் சின்னபொண்ணு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்துவிட்டாள்; தாய்தான் வீட்டில் இல்லை. ஊருக்குப் போக மூன்று தரம் கேட்டாயிற்று. "அடுத்த ஏலம் ஆவட்டும்டி" என்றார் ரெட்டியார். அவளை வெளியே விடக்கூடாதென்று வாசல் காவலாளிக்கும் உத்தரவு.

மகள் வந்த நாலாம் நாள் காலை, இளசு ஒன்றில் காப்பி குடிக்கப்போனவர் உற்சாகமாகக் கேட்டார்.

"காதுல இன்னாதான்டி கேக்குது உனுக்கு?"

"ஒண்ணும் கேக்காதுங்க எசமான். அது சும்மா."

"அப்புறம்?"

"நக்கிப் பாப்பேன். பளபளப்பு பூசாத அடி விளிம்புல நாக்கை வச்சா முத்தல் வழுக்கும். இளசு புடிச்சி இழுக்கும். சின்னபொண்ணு வயித்துல இருக்கசொல்ல புதுப்பானைச் சில்லை நக்குவேன், அதே இழுப்புங்க."

கோப்பை உதட்டருகே நின்றது. வெள்ளைக்காரன் வாய் பட்டதென்று மூன்று தரம் மஞ்சள்நீரில் கழுவவைத்துக் குடிக்கிறவர் அவர்.

"கழுவறதுக்கு முன்னாடிதானே?"

"ஈரத்துல தெரியாதுங்களே. கழுவி, தொடச்சி, காயவச்ச அப்புறம்தான்."

"எத்தினி வருசமா?"

"ஏழு."

ரெட்டியார் குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டனா சொன்னியா?"

"இன்னும் இல்லீங்க."

அந்த 'இன்னும்' போதும். உச்சி வெயிலுக்கு முன்பே வண்டி பூட்டியாயிற்று.

"வாயத் தொறக்காம போய்ச் சேரு!"

"தொறந்தா தாலாட்டுக்குத்தாங்க."

தெருமுனையில் வண்டி வளைந்தபோது கலியம்மாள் திரும்பிப் பார்த்தாள். போன ஏலத்தில் எடுத்து, காலையில்தான் வந்துசேர்ந்த கோப்பையோடு ரெட்டியார் வாசலில் தனியாக நின்றிருந்தார். அதைத் தட்டினார், காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை போலும். இடம் வலம் பார்த்தார். பிறகு கோப்பையைக் கவிழ்த்து, மெல்ல நாக்கை நீட்டினார்.