சங்கத்தில் சேராத மாணவி

எங்கள் பள்ளி மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டு, மழை வராத ஒரு ஜூலை மாதத்தில், தாளாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்து முன்னாள் மாணவர் சங்கம் ஒன்றைத் தொடங்கச் சொன்னார். மாரண்டஹள்ளியிலிருந்து சற்றுத் தள்ளி, சாலையோரத்தில் இருந்த சின்ன மெட்ரிக் பள்ளி அது. குடும்பத்து மாந்தோப்பை விற்று அவர் கட்டியது. அதற்கு முந்தைய வாரம் சேலத்தில் தனியார் பள்ளிக்காரர்களுக்காக நடந்த ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். கையில் ஒரு பளபளப்பான ஃபைல் இருந்தது.

"ஊட்டிப் பக்கம் இருக்கற ஸ்கூலுங்கள்ல, படிச்சிட்டுப் போனவங்களே லைப்ரரி கட்டித் தர்றாங்களாம் மிஸ். கிரவுண்டு போட்டுத் தர்றாங்களாம். நம்ம பசங்களும் ஓசூரு, பெங்களூருன்னு நல்லாத்தான் இருக்கறாங்க. நாம கூப்பிடல, அதான் வரல" என்றார்.

அவர் அதை நம்பினார். எனக்கும் நம்ப வேண்டியிருந்தது. அந்த ஆண்டு எல்.கே.ஜி.யையும் யு.கே.ஜி.யையும் ஒரே அறையில் உட்காரவைத்திருந்தோம். இரண்டு வேன்கள் ஓட்டமில்லாமல் வேப்பமரத்தடியில் நின்றன. ஒன்றின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது.

இந்த வேலையை என்னிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. நான் அந்தப் பள்ளியில் முதலில் அலுவலகத்தில்தான் சேர்ந்தேன். ரசீது போடுவது, வருகைப் பட்டியல் எழுதுவது, வாசலில் வந்து நிற்கும் பெற்றோரிடம் பதில் சொல்வது. பிறகு தபால் வழியில் பி.எட். முடித்துத் தமிழாசிரியை ஆனேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே படித்துப் போன பிள்ளைகளை முகம் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் செய்ய ஆரம்பித்தேன். பழைய ஏடுகளில் எண்ணே இல்லை, தகவல் மளிகைக்கடை வழியாக என்று மட்டும் எழுதியிருந்தது. எண் இருந்தவற்றிலும் பாதிக்கு மேல் உபயோகத்தில் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்த பையன் என் குரலைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டான்.

"மிஸ், நானே உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேங்க. எங்க கம்பெனில காண்ட்ராக்ட் ஆளுங்கள நிறுத்திட்டாங்க. நம்ம ஸ்கூல்ல ஏதாச்சும் வேல இருக்குதுங்களா?"

இருந்தால் சொல்கிறேன் என்று வைத்தேன்.

பெண் பிள்ளைகளைத் தேடியபோது வேறு விதமான பதில்கள் வந்தன. எண் அப்பாவுடையதாக இருக்கும், அவர் கணவனின் எண்ணைத் தருவார், கணவன் எடுத்து, "யாருங்க நீங்க? எதுக்குங்க அவங்கள தேடறீங்க?" என்பார். பள்ளியின் பெயரைச் சொன்னால், "அவங்க இப்ப படிக்கறதில்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்ட ஒருவர்கூட உண்டு.

கிடைத்தவர்களை வைத்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் திருவிழாபோல இருந்தது. பழைய குழுப் படங்கள், பட்டப்பெயர்கள், சிரிப்புகள். மூன்றாம் நாள் தாளாளர் கழிப்பறைகளைப் புதுப்பிப்பது பற்றி ஒரு நீண்ட செய்தி போட்டார். அதற்கு நான்கைந்து கைகூப்பும் படங்கள் வந்தன. அதன்பிறகு தக்காளி விலையும், வீட்டுமனை விளம்பரமும், காலை வணக்கங்களும்தான். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சத்தமில்லாமல் வெளியேற முடியாதபடி அந்தச் செயலி ஒவ்வொரு பெயரையும் அறிவித்துக்கொண்டிருந்தது.

செப்டம்பரில், இன்னும் பழைய ஏடுகளைத் தேடி அலுவலக பீரோவின் அடித்தட்டைக் காலி செய்தபோதுதான் அந்தப் பழுப்பு உறை கையில் சிக்கியது. மேலே என் கையெழுத்தில் ஒரு மாணவியின் பெயர். உள்ளே அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும், தாளாளரின் கையெழுத்து விழாத மாற்றுச் சான்றிதழும் இருந்தன.

பள்ளியின் வரலாற்றில் அவளளவுக்கு யாரும் மதிப்பெண் வாங்கியதில்லை. தேர்வு நுழைவுச்சீட்டில் இருந்த அவள் படத்தைப் பெரிதாக்கி, 'எங்கள் பெருமை' என்று எழுதி வாசலில் பிளக்ஸ் வைத்தோம். கிழியக் கிழிய மாற்றி வைத்தோம். அந்தப் படத்தைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர்கள் எத்தனையோ பேர். அவள் அப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர். கடைசி வருடக் கட்டணத்தில் ஒரு பகுதி நின்றுபோயிருந்தது. அதைக் கட்டாமல் சான்றிதழைத் தர வேண்டாம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். அவளுக்கு அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர வேண்டும். அவள் அப்பா தோளில் துண்டோடு வந்து நிற்பார். "தாளாளர் ஊர்ல இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க" என்று நான் சொல்வேன். தாளாளர் உள்ளறையில்தான் இருப்பார். கடைசியில் ஒருநாள் அவளே தனியாக வந்தாள். அவளிடமும் அதையேதான் சொன்னேன். "சரிங்க மிஸ்" என்று போனாள். பள்ளிக்கூடங்கள் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிறகு யாரும் வரவில்லை. எப்படியாவது ஏற்பாடு செய்து சேர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

உறையைக் கொண்டுபோய்த் தாளாளரின் மேஜைமேல் வைத்தேன். பிரித்துப் பார்த்தவர், "இத யாரு குடுக்காம வெச்சது?" என்று கேட்டார்.

"நாமதாங்க சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க மனைவியின் நகைகளை வைத்தவர் அவர். வெகுநேரம் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அந்தப் பொண்ணத் தேடிப் புடிங்க மிஸ். பொங்கலுக்கு நம்ம சங்கத்து விழாவுல மேடையில வெச்சே குடுத்துடலாம். போட்டோ எடுத்துப் போட்டா நல்லாயிருக்கும். நாலு பேரு பாப்பாங்க."

சரிங்க சார் என்று உறையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவளைப் பென்னாகரம் பக்கம் கட்டிக்கொடுத்திருப்பதாகக் குழுவில் மிச்சமிருந்த ஒருத்தி சொன்னாள். ஊர்ப் பெயரும் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தாளாளரிடம் சொல்லாமல், பஸ் ஏறினேன். பாலக்கோடு, தருமபுரி, பென்னாகரம் என்று மூன்று பஸ் மாறி, கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ. இறங்கிய இடத்தில் ராகிக் கொல்லைகளுக்கு நடுவே சில வீடுகள் இருந்தன.

அவள் ஆட்டுப்பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னை உடனே தெரிந்துகொண்டாள். எனக்குத்தான் அவளைத் தெரிய ஒரு நிமிடம் ஆனது. முப்பது வயதுதான் இருக்கும். பிளக்ஸில் இருந்த முகத்தையே இத்தனை வருடம் பார்த்துப் பழகியிருந்தேன்.

"வாங்க மிஸ். வூடு தேடிக் கண்டுபுடிச்சி வந்திருக்கீங்களே. உள்ள வந்து ஒக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஏழாவது படிக்கும் மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர் ஒகேனக்கல் சாலையில் ஏதோ கட்டட வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

சங்கத்தைப் பற்றியும் விழாவைப் பற்றியும் பேச நான் பஸ்ஸில் தயார் செய்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். உறையை எடுத்து நீட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மதிப்பெண் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மகள் தோள்மேல் எட்டிப் பார்த்து, "ஏம்மா, கணக்குல நூறா? நீயா?" என்றாள். அவள் தாள்களை மறுபடி உறைக்குள் வைத்தாள்.

"முன்னாடியே தபால்ல போட்டிருக்கலாமேங்க மிஸ்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே அவளுக்குத் தோன்றியதைக் கேட்டாள். ஒரு தபால் தலை ஒட்டியிருந்தால் போதும். அந்த எண்ணம் அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட எனக்கு வந்ததில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு இங்க ஆள் எடுத்தாங்க. பத்தாவது மார்க் சீட்டு கேட்டாங்க. போயிக் கேட்டு வாங்கிட்டு வாயேன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். இப்ப அதுக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க."

"ஏம்மா வரல? வந்திருந்தா குடுத்திருப்பமே."

சொன்னபிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் லேசாகச் சிரித்தாள்.

"எங்கப்பாவ ஆறு வாட்டி நிக்க வெச்சீங்க மிஸ்."

நான் எண்ணியதில்லை. அவள் எண்ணியிருக்கிறாள்.

உறையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்து, "அந்தப் படம் இன்னும் அங்கதான் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "கல்யாணமான புதுசுல அம்மா வூட்டுக்கு அந்த வழியாத்தான் பஸ்ல போவோம். எங்கூட்டுக்காரருகிட்ட காட்டி, அது நாந்தான்னு சொன்னேன். அவரு நம்பல. அப்பறம் பஸ்ல அந்தப் பக்கம் ஒக்கார்றதில்ல."

விழாவுக்கு அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் நிலக்கடலை வறுத்துத் தந்தாள், ஆட்டோ வரும்வரை கூடவே நின்றாள். போன் எண்ணைக் கேட்டபோது தயங்காமல் சொன்னாள். குழுவில் சேர்க்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருப்பாள்போல. "அதெல்லாம் வேணாங்க மிஸ், போன் பாக்க நேரமில்ல" என்றாள்.

மறுநாள் தாளாளர், "வர்றாங்களா?" என்றார்.

"வரமாட்டாங்க சார். சர்டிபிகேட்ட குடுத்துட்டேன்."

தம்மைக் கேட்காமல் ஏன் கொடுத்தீர்கள் என்று திட்டுவார் என எதிர்பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார். அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விழா பொங்கல் விடுமுறையில் நடந்தது. ஷாமியானா போட்டு, வாடகை நாற்காலிகளை வரிசையாக அடுக்கியிருந்தோம். வந்தவர்களைவிட ஆசிரியர்கள் அதிகம் இருந்தோம். பெங்களூரிலிருந்து வருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் வரமுடியாததற்கு வருந்தினார்கள். புது பேனரிலும் அவளுடைய அதே படம். எடுத்துவிடச் சொல்லி முன்பே கேட்டிருந்தேன். அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

வரவேற்புரை வாசித்த பத்தாம் வகுப்பு மாணவி மேடையிலிருந்து இறங்கி வந்து தாளாளரிடம் கேட்டாள். "சார், அந்த அக்கா வரலீங்களா?"

"அவங்க வெளியூர்ல பெரிய வேலைல இருக்கறாங்கம்மா" என்றார் தாளாளர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, லீவு கெடைக்கல" என்றேன்.

ஒரு விநாடியில், எந்தச் சிரமமும் இல்லாமல் அது வந்தது. அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லிப் பழகிய வாய்.

வந்திருந்த சில பேரில் ஒருவன் மட்டும் சாப்பிட்டபிறகும் போகவில்லை. காரிமங்கலத்தில் நிலம் வாங்கி விற்கிற தொழில் செய்கிறவன். வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாலையோரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தான். நடையாலேயே அளக்கிறான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. பழைய ஞாபகத்தில் நடக்கிறான் என்று நினைத்து, "எதும்மேல ஏறி விழுந்து கையை ஒடச்சிக்கிட்ட, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன். "ஆமாங்க மிஸ்" என்றான், சாலையைப் பார்த்தபடியே. சங்கத்தின் மூலம் எங்களுக்குக் கிடைத்தவன் அவன் ஒருவன்தான். அடுத்த ஏப்ரலில் பள்ளியை மூடியபோது இடத்தை வாங்க ஆள் கொண்டுவந்தவனும் அவனே.

தாளாளர் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். பள்ளியின் பெஞ்சுகளைப் பழைய சாமான்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பாலக்கோட்டில் ஒரு டியூஷன் சென்டரில் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் தேர்வு முடிந்ததும் போய்விடுகிறார்கள். அவர்கள் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள நான் முயல்வதில்லை.

போன மாதம் ஒருநாள், மகளையாவது நல்ல இடத்தில் படிக்கவைக்க ஏதாவது உதவி தேவைப்படுமா என்று கேட்கலாம் எனத் தோன்றி, அவள் எண்ணுக்கு அழைத்தேன். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா காட்டுல களையெடுக்கப் போயிருக்கறாங்க. யாரு பேசினாங்கன்னு சொல்லட்டுங்க?"

பள்ளிக்கூடத்து மிஸ் என்று சொல்லலாம். அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. தெரிந்தவர் என்று சொல்லலாம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் ஆடுகள் கத்துவது கேட்டது. பிள்ளை மறுபடியும், "ஹலோ, யாருங்க?" என்றது.

"ஒண்ணுமில்லம்மா, நம்பர் மாறிப்போச்சி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.