ஃபேனை நிறுத்தியவர்

அடுத்தவர் கதை என்றால் உனக்குச் சோறுகூட வேண்டாமேடி! சரி, கேட்டுத் தொலை.

எனக்குப் படிப்பு வராது. ஹைதராபாத் வெயிலுக்குப் பயந்து, ஃபேன் காற்றுக்காகத்தான் அந்த நூலகத்துக்குப் போவேன். அங்கே கழுத்துவரை பட்டன் போட்ட ஒரு ஒல்லி மனிதர், பழைய ஜில்லா வரைபடங்களை விரிக்கும் முன்னே ஃபேனை நிறுத்திவிடுவார்.

"ஏன் ஐயா, என்னை வேகவைக்கவா?" என்றேன்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. காத்துல காகிதம் ஒடைஞ்சிடும்."

"அப்படி என்னத்தைத் தேடறீங்க?"

"எங்கம்மாவைப் புதைச்ச எடத்தை. அந்தக் கல்லறைத் தோட்டத்து மேல இப்ப ஐ.டி. கம்பெனி நிக்குது. அங்க கல்லறையே இருந்ததில்லைங்கறாங்க."

"மேப் கெடைச்சா கட்டடத்தை இடிச்சிடுவாங்களா?"

"நக்கோம்மா, இடிக்கவெல்லாம் வேணாம். கேட்டுக்கு வெளியே நின்னு எந்தப் பக்கம் பார்த்து ஜெபம் பண்றதுன்னு தெரிஞ்சா போதும்."

கம்பெனி பெயரைச் சொன்னார். என் மகன் வேலை பார்க்கிற இடம். விசிறிக்கொண்டிருந்த முந்தானையைக் கீழே விட்டேன்.

அவருக்கு வரைபடம் கிடைத்ததா, தெரியாது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரிகள், "பையன் ஆபீஸ் எப்படி மாமி?" என்று கேட்டபோது சொன்னேன்: "கண்ணாடி மாளிகைதான். கீழே ஒரு அம்மா தூங்கறாங்க. சத்தம் போடாம நடடான்னு சொல்லியிருக்கேன்."