முனியாண்டி அண்ணன் செதுக்கிய அகப்பை

நாங்கள் இலங்கையிலிருந்து நிக்கோபாரின் கட்சால் தீவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

இன்று காலை பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் கோடாலியால் அகப்பை செதுக்கும்போது, பச்சை மரத்தின் பால் தெறித்து இரண்டு கண்ணிலும் விழுந்தது.

அந்த மரத்துண்டையும் எடுத்துக்கொண்டு, அவரைக் கைபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மரத்துண்டைப் பார்த்ததும் கம்பவுண்டர் கத்தினார்.

“அரே, இது தில்லை மரம்! பால் கண்ணுல பட்டா குருடு, வயித்துல போனா விஷம். கடலோரத்துல பொறந்தவன் எவனும் தொடமாட்டான்.”

“நாங்க தேயிலை மலையில பொறந்தவங்க சார். கோடாலி மெத்துன்னு எறங்கிச்சு, அதான்...” என்றார் அண்ணன்.

“பார்வை வந்துருமா?” என்று கேட்டேன்.

“தேக்கேங்கே, பார்க்கலாம்.”

திரும்பும் வழியில் அண்ணன் என் தோளை இறுக்கிப் பிடித்தார். “தம்பி, போன வாரம் பதினோரு வீட்டுக்கு அகப்பை குடுத்தேனே, அதுவும் இந்த மரம்தான்.”

எங்கள் வீட்டில் அதில்தான் கஞ்சி கிண்டினோம்.

மற்ற பத்து வீட்டுக்காரர்களே, இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன சமையல்?