ஆறுதலாக வந்த பிள்ளை

இந்தச் சிலோன் நாட்டில் எவரும் எவரையும் சீக்கிரம் வரச் சொல்வதில்லை. தையற்காரரைக் கேட்டாலும் சரி, தபாற்கந்தோரில் கேட்டாலும் சரி, "ஆறுதலா வாங்க" என்பார்கள். நம் திருநெல்வேலிப் பக்கம் துக்க வீட்டுக்கென்று வைத்திருக்கும் சொல்லை இவர்கள் கடைத்தெருவில் செலவழிக்கிறார்கள். இது தெரியாமல் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள். என் கணவருக்குத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. ரத்தோட்டைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தோம். ஊரில் விட்டுவந்த எங்கள் மகள் லில்லியை வரவழைக்க அனுமதி கேட்டு மாத்தளைக் கச்சேரிக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர், நெற்றியில் திருநீறு, முகத்தில் சாந்தம். "அம்மா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஆறுதலா வாங்கோ" என்றார். அரசாங்க அலுவலகத்திலும் பெற்றவளுக்கு ஆறுதல் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறாரே என்று கண் கலங்கி, கும்பிட்டுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு ஜெய்னம்புதான் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தாள். "மெல்லமா வாங்கண்டு சொல்லீக்கிறாரு, புள்ள. அவசரமில்லண்டு அர்த்தம்" என்றாள். அவளை நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். சிரிக்காதீர்கள், இங்குள்ள முஸ்லிம்களுக்கு அக்காதான் தாத்தா.

மண்டபம் முகாமை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிலோனுக்குப் போகிறவர்களை ஆட்டுப் பட்டியில் அடைப்பதுபோல அடைத்து, ஊசி குத்தி, மருந்து தெளித்துத்தான் கப்பலேற்றுவார்கள். அங்கே வைத்துத்தான் லில்லிக்கு அம்மை கண்டது. அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கப் பழகியிருந்தாள். நான் நிறைவயிற்றோடு இருந்தேன். பிள்ளையின் பக்கத்திலேயே நிற்கக் கூடாது என்று டாக்டர் விரட்டினார். வேலையில் சேரவேண்டிய தேதி தவறினால் வேலை போய்விடும் என்று என் கணவர் தவித்தார். வழியனுப்ப முகாம் வாசல்வரை வந்திருந்த என் அக்கா, பிள்ளை இல்லாதவள், "நீ போட்டீ. தலைக்குத் தண்ணி ஊத்துன கையோட கொண்டாந்து விடுதேன்" என்று லில்லியை வாங்கிக்கொண்டாள். அம்மை இறங்குவதற்குள் சட்டம் ஏறிவிட்டது. புதிதாகச் சுதந்திரம் வாங்கிய இரண்டு நாடுகளும் தங்கள் வீரத்தைக் காட்ட வேறு ஆள் கிடைக்காமல், பால்குடி மறக்காத ஒரு பிள்ளையிடம் விசா கேட்டன. நானே போய்க் கூட்டிவருகிறேன் என்றால், போனவளைத் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கச்சேரிக்காரர்களாவது சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். எங்கள் வேதக்கோயில் சபையில் இருந்தவர்கள் அதை இலவசமாகச் சொன்னார்கள். எங்கள் உபதேசியாருக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் அவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்னும். அந்தச் சம்பல் வாசம் மாறாத வாயோடு அவர் என் வீட்டுக்கு வந்து, "ஆண்டவருக்குன்னு ஒரு நேரம் இருக்குங்கம்மா. நம்ம அவசரத்துக்கு அவரு வர மாட்டாருங்க. ஒரு புள்ள கையில இருக்குல்ல, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்பார். இங்கே வந்தபின் பிறந்த மகனைச் சொல்கிறார். பிள்ளை என்ன குடையா, ஒன்று தொலைந்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நடக்க? ஜெபக்கூட்டத்துப் பெண்கள் அவருக்கு மேல். மாடு பிழைத்த சாட்சி, புருஷனுக்கு வேலை உயர்ந்த சாட்சி என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுந்திருப்பார்கள். எல்லாமே காரியம் முடிந்தபிறகு சொல்லும் சாட்சிகள். இன்னும் முடியாதவளுக்கு அந்தக் கூட்டத்தில் பாயின் ஓரம்தான். நம் தேரிக்காட்டில் மழை கேட்டு உபவாசம் இருப்போமே, இங்கே மார்கழி மழை விடவேண்டுமென்று உபவாசம் இருக்கிறார்கள். பரலோகத்து விநியோகத்தில் ஏதோ குளறுபடி என்று நான் சொன்னதற்கு ஒரு மாதம் என்னோடு யாரும் பேசவில்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்காக நான் ஜெபத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் முழங்காலில் நின்றேன். அவரையும் விட்டுவிட்டால் நான் சண்டை பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்? நம்பியது அவரை மட்டும்தான், அவருடைய ஏஜெண்டுகளை அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஒருநாள் ரிவர்ஸ்டன் உச்சியிலிருந்து மூட்டம் இறங்கி மலையே தெரியாமல் போனது. உபதேசியார் விடுவாரா? மூட்டம் மறைத்தால் மலை இல்லையென்று ஆகிவிடுமா என்று அதை வைத்தே ஒரு பிரசங்கம் பண்ணினார். மலைக்கு என்ன கவலை, அது யாருக்கும் பிள்ளை பெற்றுப் போடவில்லையே. அந்த நாட்களில் ஊருக்குப் போய்வந்த கடைக்காரர்கள் லில்லியைப் பார்த்ததாகச் சொல்வார்கள். உங்கள் அக்காவை அம்மா, அம்மா என்று அவள் கூப்பிடுவது கேட்க அழகாக இருக்கிறது என்பார்கள். சொல்லிவிட்டு என் வீட்டுத் தேநீரையும் குடித்துவிட்டுப் போவார்கள்.

லில்லிக்குப் பால்பல் விழத் தொடங்கிய வயதில் அனுமதி கிடைத்தது. ஊரிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தோடு மாத்தளை ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். இரட்டைப் பின்னல், கையில் துணிமூட்டை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் பிடித்துவைத்த பிள்ளையார்போல அசையாமல் நின்று, என் கை தளர்ந்தபிறகு, "நல்லா இருக்கியளா, சித்தி?" என்றாள். அக்கா மரியாதை சொல்லிக்கொடுத்துத்தான் வளர்த்திருந்தாள். நான்தான் அம்மா என்று என் கணவர் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? எந்திரிச்சுச் சாட்சி சொல்லுங்கம்மா" என்றார், தன் சொந்தச் செலவில் பிள்ளையை வரவழைத்தவர்போல. நானும் எழுந்தேன். எனக்கும் காரியம் முடிந்துவிட்டதல்லவா? இத்தனை வருஷம் வாயில் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிடும் எண்ணம். வாய் திறப்பதற்குள் லில்லி என் சேலையை இழுத்தாள். "சித்தி, ஜெபம் முடிஞ்சதும் என்னைய அம்மகிட்டக் கொண்டு விட்டுருவியளா?" கோயில் முழுக்கக் கேட்டது. உபதேசியார் அவசரமாக, "ஜெபம் பண்ணுவோம்" என்றார். முழங்காலில் விழுந்தேன்.

கடலுக்கு அந்தப் பக்கமும் ஞாயிற்றுக்கிழமைதான். என் அக்காவும் இந்நேரம் கோயிலில் முழங்காலில் இருப்பாள். பிள்ளையைத் தாரும் என்பதைத் தவிர அவள் வேறென்ன கேட்பாள்? அவள் ஜெபத்தைக் கேளாதேயும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கேளும் என்று சொல்ல மனம் வரவில்லை. பக்கத்தில் லில்லி கண்ணை இறுக மூடி, உதடுகள் அசைய, அக்காவுக்கு உதவியாக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.