எட்டடிக் கல்லும் ஆறாயிரத்து நானூறும்

ரசமட்டம் தன் மனைவிக்கு ஆறாயிரத்து நானூறு ரூபாய் தர வேண்டும். வாங்கி இருபத்தாறு வருஷம் ஆகிறது. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டிப் பேச்சே எழவில்லை. கேட்டு வாங்கியவர் அவர், எண்ணிக் கொடுத்தவள் அவள், அவ்வளவுதான்.

ரசமட்டம் என்பது அவருக்கு வைத்த பெயரில்லை, வந்து ஒட்டிக்கொண்ட பெயர். சுவரும் தரையும் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கிற கருவி அது. நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் வேலை சுத்தம். இந்த மனிதரோ கருவியை எடுப்பதற்கு முன்பே ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "இடது பக்கம் ஒரு நூல் தூக்கு" என்பார். வைத்துப் பார்த்தால் ஒரு நூல்தான், அரைக்கால் அங்குலம்தான், இறங்கியிருக்கும். ஐந்தாம் வகுப்பை முழுசாகப் பார்க்காதவர். ஆனால் படித்த இன்ஜினியர்களே வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க" என்று அவர் முன்னால் நின்றிருக்கிறார்கள். நானூறு வீட்டுக்குச் சமையல் மேடை கட்டியவர். சரியாகச் சொன்னால் நானூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டை யாரும் விட்டுவிட அவர் சம்மதிக்க மாட்டார்.

நாலு பேர் கூடிவிட்டால் அவர் வாயில் வருகிற முதல் பேச்சு இதுதான்: "மண்ணு சுமந்து வந்தவன் நான். யார்கிட்டயும் ஒரு காசுக்குக் கை நீட்டினது கிடையாது."

அந்தப் பேச்சு வரும்போதெல்லாம், உள்ளே தைத்துக்கொண்டிருக்கும் மனைவியின் ஊசி ஒரு நொடி நிற்கும். பிறகு ஓடும். அதை அவர் கவனித்ததே இல்லை.

அந்த ஆறாயிரத்து நானூறு அவளுடைய ஊசி சம்பாதித்தது. கல்யாணமான புதிதில் தையல் கடைகளில் கழித்துப் போடுகிற வெட்டுத்துணியை மூட்டையாக வாங்கி வந்து, விடுமுறைக் காலங்களில் விற்க பொம்மையும் தோரணமும் செய்வாள். நல்லதாக ஒரு சமையலறை கட்ட வேண்டும் என்று சேர்த்த பணம். அப்போது அவர் தினக்கூலி. பழைய கலவை இயந்திரம் ஒன்று விலைக்கு வந்தது. அது கையில் இருந்தால் சொந்தமாக வேலை எடுக்கலாம். பணத்தைக் கேட்டார், கொடுத்தாள். இயந்திரம் வந்தது, கூடவே ஆட்களும் வேலையும் வந்து, மேஸ்திரி என்ற பட்டமும் வந்தது. "ஆறாயிரம் என்ன ஆறாயிரம், உனக்கு அரண்மனை மாதிரி சமையலறையே கட்டித் தர்றேன் பாரு" என்றார். அவளும் "சரி" என்றாள்.

பிறகு ஊர்ப்பட்ட சமையலறைகளைக் கட்டப் போய்விட்டார். வீட்டின் பின்பக்கம் தகரம் போட்ட சாய்ப்பில்தான் இவள் சமையல் நடந்தது. அவளுடைய தம்பி குழாய் வேலைக்காரன், வாய் நீளம். வரும்போதெல்லாம் தகரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "என்ன மச்சான், நானூத்திப் பதிமூணாவது எப்போ?" என்று கேட்பான்.

கடைசியில் நாள் குறிக்க வைத்தவள் மருமகள். மகன் பஸ் ஓட்டுகிறவன், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். மருமகளுக்குத் தபால் நிலையத்தில் வேலை, ஒன்பது மணிக்குள் போயாக வேண்டும். காலையில் அந்தச் சாய்ப்புக்குள் இரண்டு பெண்கள் நின்றால் ஒருத்தி மூச்சு விட இன்னொருத்தி வெளியே வர வேண்டும். "மாமா, அத்தையும் நானும் சண்டை போட்டுக்கக்கூட அங்க இடமில்ல" என்றாள் மருமகள். அன்றே ரசமட்டம் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்.

நேரம் பார்த்தா எல்லாம் வருகிறது? அதே மாதம் ஒரு பரிசுப்பொருள் கடைக்காரர் முந்நூறு துணிக் குருவிகள் கேட்டு அனுப்பினார். பள்ளிகள் விடுமுறை விடுவதற்குள் வேண்டுமாம். ஜன்னலில் தொங்கவிடுகிற மாதிரி ஐந்து ஐந்தாகக் கோத்துத் தர வேண்டும். மாமியார் வெட்டுவாள், பஞ்சு அடைப்பாள். மருமகள் வேலையிலிருந்து வந்ததும் மணிக்கண் வைத்து மூக்குத் தைப்பாள். வால் விறைப்பாக நிற்கப் பசையில் தோய்த்துக் காயப்போட வேண்டும். சாய்ப்பில் மணலும் செங்கல்லும் குவிந்ததால் அடுப்பு மாடிப்படிக்கு அடியில், பாத்திரங்கள் கட்டிலுக்கு அடியில், சிமெண்ட் மூட்டை பீரோவுக்குப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சு. சோற்றில் ஒருநாள் மணிக்கண் ஒன்று வந்தது. மகன் அதைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து, "அம்மா, சோறு என்னைப் பார்க்குது" என்றான்.

ஒரு நாள் சாயங்காலம் ரசமட்டம் வந்து பார்த்தால், சுவருக்குப் பிடித்திருந்த கட்டுநூலில் நாற்பது குருவிகள் வால் காய உட்கார்ந்திருந்தன. நூல் ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரும்மா இது? இது கொத்தனார் நூல்மா! இதை வெச்சுத்தான் செங்கல் வரிசை போகுது!"

"கொடி வேற இல்ல மாமா. அரை மணி நேரம்தான். குருவி ஒண்ணும் கனமில்ல" என்றாள் மருமகள்.

"அதுங்க கனமில்ல. பசை கனம்!"

படிக்கு அடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கண்ணாலேயே மட்டம் பார்க்கிறவருக்கு நூல் எதுக்காம்?"

அவர் உட்கார்ந்து குருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றின் மூக்கு கோணலாக இருந்தது. "இதுல ஒரு நூல் இடது பக்கம் இறங்கியிருக்கு" என்று நீட்டினார். மருமகள் பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது. பிரித்துத் தைத்தாள்.

மேடையின் உயரத்துக்கு அவரிடம் ஒரு வழி உண்டு. டேப்பைப் பார்த்து முப்பத்திரண்டு அங்குலம் என்று எல்லாருக்கும் கட்டிவிட்டுப் போகிற ஆள் அவரில்லை. சமைக்கிறவரை நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நாலு விரல் கீழே அளவெடுப்பார். மனைவிக்கும், கோடு போட்ட அன்றே, அப்படித்தான் எடுத்தார். சாய்ப்பில் அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கும்போதே, "கையை மடக்கு" என்றார். மடக்கினாள். முப்பத்துநாலு. "நீ இவ்வளவு உயரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேடைக் கல்லை அவரே போய்த் தேர்ந்தெடுத்தார். கறுப்புக் கல், எட்டடி நீளம், ஒரே பாளம், நடுவில் ஒட்டு கிடையாது. ஆறு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வைத்து, மெருகேற்றி, கருவியை மேலே வைத்தார். குமிழி ஆணி அடித்த மாதிரி நடுவில் நின்றது. அன்று தெருவில் பாதிப் பேர் அந்தச் சமையலறையைப் பார்த்தாகிவிட்டது. குடிநீர்க் கேன் போட வந்தவனைக்கூட அவர் விடவில்லை. "எட்டடி. ஒரே கல். எங்கயாவது ஒட்டு இருக்கா, தடவிப் பாரு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியைக் கேட்டார். "எப்படி?"

"நல்லா இருக்கு."

"கணக்கு தீர்ந்துச்சா?"

அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஒரு வாரம் போயிற்று. புதுச் சமையலறையில் மருமகள்தான் நின்றாள். மனைவி காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் மாடிப்படிக்கு அடியில்தான். அவர் தலை தெரிந்தால் மேடைப் பக்கம் போய் எதையாவது துடைப்பாள். ரசமட்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. மச்சினனிடம் சொல்லிப் புலம்பினார். "மாப்பிள்ளை, உங்க அக்காவுக்கு இன்னும் அந்தப் பணம்தான் மனசுல இருக்கு. அதுக்குப் பத்து மடங்கு கொட்டிக் கட்டியிருக்கேன். கால் எடுத்து வைக்க மாட்டேங்கறா."

"அக்காகிட்டயே கேக்க வேண்டியதுதானே மச்சான்?"

"நான் கேக்கறதா!"

மறுநாள் மத்தியானம், கருவியை வீட்டில் மறந்துவிட்டு வந்ததால் பாதி வேலையில் திரும்பி வந்தார். சமையலறையில் வதக்குகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மனைவிதான். அவருடைய சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று கரண்டி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டி ஒரு பக்கம் ஆடியது. அவள் இடது கை கல்லைப் பிடித்திருந்தது.

"என்ன இது?"

அவள் திரும்பவில்லை. "சட்டி."

"அது தெரியுது. அது மேல ஏன் நிக்கிற?"

"எட்டல."

"என்னது எட்டலயா? நான் நானூறு வீட்டுக்கு..."

"நானூத்திப் பன்னெண்டு" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அவளைக் கைபிடித்து இறக்கினார். கையை மடக்கச் சொன்னார். கல் அவள் முழங்கைக்கு நேராக வந்து இடித்தது. டேப்பை எடுத்து இரண்டு தடவை அளந்தார். நாலு அங்குலம். நெற்றியைத் தடவிக்கொண்டே பின்பக்கச் சாய்ப்புக்குப் போனார். அங்கே அடுப்பு இருந்த இடத்துக்கு எதிரே தரையில் ஒரு பலகை கிடந்தது. இரண்டு செங்கல்லின் மேல் போட்ட பலகை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தேங்குகிறது என்று எப்போதோ அவரே போட்டுக் கொடுத்தது. இத்தனை வருஷமும் அவள் நின்று சமைத்தது அதன் மேல்தான். அளவெடுத்த அன்றும் அதன் மேல்தான் நின்றாள். செங்கல் மூன்று அங்குலம், பலகை ஒரு அங்குலம்.

திரும்பி வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கல்லு காயறதுக்குள்ள தெருவையே கூட்டிட்டு வந்துட்டீங்க. தண்ணி கேன் பையன்கூடத் தடவிப் பார்த்துட்டான். இடிச்சா உங்க முகத்தை எங்க வெச்சுக்குவீங்க?"

"அதுக்காகச் சட்டி மேல நிப்பியா? விழுந்திருந்தா?"

"நீங்க வராத நேரத்துலதானே நிக்கிறேன்."

அப்போதே உளியும் சுத்தியலும் வந்துவிட்டன. முழு மேடையையும் இறக்கிவிடுவது என்று முதல் அடி விழப்போகும் நேரத்தில் மருமகள் மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "ஐயோ மாமா, இடிக்காதீங்க! எனக்கு இது கச்சிதமா இருக்கே!" கையை மடக்கிக் காட்டினாள். முழங்கைக்கு நாலு விரல் கீழே, அச்சு மாதிரி. மாமியாரைவிட நாலு அங்குலம் உயரம் அவள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ரசமட்டம் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். எட்டடி, ஒரே பாளம்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. முடித்திருந்த குருவிகளையெல்லாம் வேட்டி போட்டு மூடச் சொன்னார். பென்சிலால் கல்லின் நடுவில் கோடு போட்டார். தண்ணீர் ஊற்றி, அறுக்கும் இயந்திரத்தை அவரே பிடித்தார். வேறு யாரையும் விடவில்லை. வலது பாதியை எடுத்து, கீழே நாலு அங்குலம் குறைத்து, திரும்ப வைத்தார். மூன்று நாள் ஆயிற்று. மேடை இப்போது நடுவில் ஒரு படி இறங்கியது.

குழாய் மாட்ட வந்த மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன மச்சான், ரசமட்டம் போய்ப் படிக்கட்டு கட்டிடுச்சே!"

"ரெண்டு மட்டம்டா மாப்பிள்ளை. ரெண்டுலயும் குமிழி நடுவுலதான் நிக்குது. வெச்சுப் பார்த்துட்டுச் சிரி."

வைத்துப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று மனைவி தாழ்ந்த பக்கத்திலும் மருமகள் உயர்ந்த பக்கத்திலும் நின்று ஒரே நேரத்தில் சமைத்தார்கள். இருவரும் கரண்டிக்காகச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். ரசமட்டத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. மருமகள் குருவிகளைக் கடைக்குக் கொடுக்கப் போனதும், மனைவி பக்கத்தில் போய் நின்றார்.

"இப்பவாவது சொல்லு. கணக்கு தீர்ந்துச்சா?"

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். "இதுல யாரு சமைக்கிறா?"

"நீ. அவ."

"யாரு சாப்பிடறா?"

"எல்லாரும்தான்."

"அப்ப இது வீட்டுக்குக் கட்டினது. என் கணக்குல எழுதாதீங்க. முன்னே ஒரு கான்ட்ராக்டர் கூலிக்குப் பதிலா மிச்ச டைல்ஸை எடுத்துக்கோன்னு சொன்னாரே, நீங்க என்ன சொன்னீங்க?"

அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. அந்த டைல்ஸ் பெட்டியை அந்த ஆளின் கார் முன்னாலேயே இறக்கி வைத்து, "பணமா வை" என்று கத்தியவர் அவர்.

"அது வேற..." என்று ஆரம்பித்தார்.

"யார்கிட்டயும் கை நீட்டினது கிடையாதுன்னு நீங்க சொல்றப்பல்லாம், நான் வாய் திறந்ததில்ல. ஆனா நீட்டின கையை நான் பார்த்திருக்கேங்க. இந்தக் கைதான் அதுல எண்ணி வெச்சுது."

ரசமட்டம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, "இனிமே நான் என்னன்னு சொல்லிக்கிறது?" என்று கேட்டார். குரல் சின்னப் பிள்ளையினுடையது மாதிரி இருந்தது.

"ஒருத்திகிட்ட வாங்கினேன், திருப்பிக் குடுத்துட்டேன்னு சொல்லுங்க. அதுவும் பெருமைதான். அப்படிச் சொல்ல எத்தனை பேரு இருக்காங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். வந்து, தாழ்ந்த மேடையின் மேல் நூறு ரூபாய் நோட்டுகளைப் பெரிய கட்டாக வைத்தார். "அறுபத்துநாலாயிரம். பத்து மடங்கு. போதுமா?"

"என்னோடது ஆறாயிரத்து நானூறு."

"இருபத்தாறு வருஷம்டி! அந்தக் காசுக்கு இன்னைக்கு ரெண்டு மூட்டை பஞ்சு வருமா?"

"அது என் கவலை. நான் எண்ணிக் குடுத்தேன். எண்ணிக் குடுங்க."

கட்டைப் பிரித்தார். சனிக்கிழமை சனிக்கிழமை இருபது ஆட்களுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூலி எண்ணிக் கொடுக்கிற விரல்கள் அவை. முப்பத்தொன்றில் தடுமாறிவிட்டன. அவர் தன் கையில் வைத்ததை அவள் திருப்பிக் கொடுத்து, "முதல்லேருந்து" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்து மறுபடி நீட்டினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள், நடுவில் இன்னும் கொஞ்சம் பஞ்சு. அவர் ஒன்றிலிருந்து தொடங்கி, வாய்விட்டு எண்ணி, நூறு நூறாக அந்த விரித்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்து, அறுபத்துநாலாவது நோட்டையும் வைத்தார்.